கொழும்பும் அதன் கலைக்கூடங்களும்



கொழும்பு நகரத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் துறைமுகத்தைப் பற்றிப் பேசுவர். புறக்கோட்டை வியாபாரத்தைப் பற்றிப் பேசுவர். நீதிமன்றங்கள், வைத்தியசாலைகள், கல்லூரிகள் ஆகியவற்றைக் குறித்துப் பேசுவர். இந்நகரத்துக்கென ஒரு கலைவாழ்வு உண்டோ என வினவினால் பலர் சற்றுத் தயங்குவர். தயங்கியபின், பெரிய அரங்கம் ஒன்றின் பெயரைச் சொல்லி அமைவர். கலை என்றால் மாலை அணிந்த விருந்தினர், குத்துவிளக்கு, வரவேற்புரை, நன்றியுரை என்ற எண்ணம் எம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. அவை யாவும் வேண்டியவையே. ஆயினும் ஒரு நகரத்தின் கலை பிறக்கும் இடம் வேறு. அது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வீட்டுக் கூடத்திலோ, வாடகைக்கு எடுத்த ஓர் அறையிலோ, பிறர் கைவிட்ட ஒரு கட்டடத்திலோ பிறக்கிறது. அத்தகைய இடங்கள் சிலவற்றைப் பற்றியும், அவற்றுக்கும் எமது பிள்ளைகளுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பற்றியும் இன்று உங்களுடன் உரையாட விரும்புகிறேன்.

இக்கதையை ஒரு பாடசாலை உத்தியோகத்தரிடமிருந்து தொடங்குவது பொருத்தமாகும். 1920களில் கல்வித் திணைக்களத்தில் சித்திர வித்தியாதரிசியாகக் கடமையாற்றியவர் வின்சர் என்னும் ஆங்கிலேயர். அக்காலத்தில் பாடசாலைச் சித்திரம் என்றால் மேசைமீது வைத்த சாடியையும் கனசதுரத்தையும் பார்த்து, நிழல் பிசகாமல் எழுதுவதே ஆகும். கொழும்பில் 1891ஆம் ஆண்டிலேயே இலங்கைக் கலைச்சங்கம் தோன்றியிருந்தது. அச்சங்கத்தின் காட்சிகளிலும் ஐரோப்பியக் கலைக்கழகங்கள் வகுத்த பழைய முறையே மதிப்புப் பெற்றது. கண்ணாடியில் தெரிவது போல எழுதுவோன் நல்ல ஓவியன். அப்படி எழுதாதோன் இன்னும் பயிற்சி பெறவேண்டியவன். வின்சர் இப்போக்கிலிருந்து விலகி நின்றார். பிள்ளை தன் கண்ணால் கண்டதையும் தன் மனத்தில் பட்டதையும் எழுதவேண்டும் என்றார். ஐரோப்பாவில் அப்போது எழுந்திருந்த புதிய ஓவிய முறைகளையும் இங்குள்ள இளைஞருக்கு அறிமுகப்படுத்தினார். அவருக்குப்பின் அப்பதவியை ஏற்ற ஜெப்ரி பேலிங் அவர்களும் அவ்வழியிலேயே சென்றார்.

இதனை நான் விரித்துக் கூறுவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த வின்சரின் பெயரால் ஒரு கலைக்கழகம் முதலில் எழுந்தது கொழும்பில் அன்று, யாழ்ப்பாணத்தில். சித்திர வித்தியாதரிசியாக விளங்கிய எஸ். ஆர். கனகசபை அவர்கள் 1938ஆம் ஆண்டில் அதனைத் தோற்றுவித்தார். ஆசிரியர்களும் ஆர்வலர்களும் ஓய்வுநேரத்தில் கூடி வரைந்து பழகிய கழகம் அது. அதன்பின் 5 ஆண்டுகள் கழித்துக் கொழும்பிலே ஒரு புதுக்குழு உருவாயிற்று. இந்நாட்டு நவீன ஓவிய வரலாற்றில் '43ஆம் ஆண்டுக் குழு' என்று பேசப்படுவது அதுவே. அக்குழுவின் தொடக்ககால உறுப்பினர் வரிசையிலும் கனகசபை அவர்களின் பெயர் காணப்படுகிறது. ஆகவே, நவீன ஓவியம் என்பது எமக்குச் சம்பந்தமற்ற யாரோ கறுவாத்தோட்டத்தில் நடத்திய விளையாட்டு என எவரேனும் கூறினால், அவர் வரலாற்றை அறியாதவர் என்று கொள்ளலாம்.

1943ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 29ஆந் திகதி, கறுவாத்தோட்டத்தில் லயனல் வென்ட் என்பவரின் வீட்டில் அக்குழு கூடிற்று. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். முந்திய ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கொழும்பின்மீது யப்பானிய விமானங்கள் குண்டு வீசியிருந்தன. அரிசிக்கும் துணிக்கும் தட்டுப்பாடு நிலவிய அந்நாளில், ஓவியத்தைப் பற்றிப் பேச ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். லயனல் வென்ட் 1900ஆம் ஆண்டிற் பிறந்தவர். சட்டம் பயின்றவர், ஆனால் பியானோ வாத்தியத்திலும் புகைப்படக் கலையிலுமே வாழ்ந்தவர். 1934ஆம் ஆண்டில் வெளிவந்த 'இலங்கையின் பாடல்' என்ற புகழ்பெற்ற விவரணத் திரைப்படத்தில் ஒலிக்கும் குரல் அவருடையது. ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, ரிச்சட் கப்ரியல், ஒப்ரி கொலெட் முதலியோர் அக்குழுவிற் சேர்ந்தனர். பௌத்த விகாரைகளின் பழஞ் சுவரோவியங்களைப் படியெடுப்பதில் ஈடுபட்டிருந்த துறவியாகிய மஞ்சுசிறீ அவர்களும் அவர்களுள் ஒருவர். ஒருவர் எழுதுவது போல் மற்றவர் எழுதவில்லை. ஒரே பாணி அவர்களை இணைக்கவில்லை. தமது படங்களைத் தொங்கவிட ஒரு சுவர் வேண்டும் என்ற தேவையே இணைத்தது. அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் முதலாவது காட்சியை நடத்தினார்கள். 10 ஆண்டுகள் செல்லுமுன் அவர்களுடைய படங்கள் 1952இல் இலண்டனிலும் 1953இல் பாரிஸ் நகரிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன.

லயனல் வென்ட் 1944ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற் காலமானார். குழு தோன்றி 16 மாதங்களே ஆகியிருந்தன. நேயர்களே, தனியொருவர் வீட்டில் வளரும் கலைக்கு வரும் ஆபத்து இதுதான். வீட்டுக்காரர் மறைந்தால் வாசற்கதவு மூடப்படும். பின்னர் வீடு விற்கப்படும்; காணி துண்டாடப்படும்; படங்கள் உறவினர் வீடுகளின் பரணில் ஏறும். இங்கு அவ்வாறு நிகழவில்லை. அவருடைய நண்பர்கள் அவரது உடைமையை ஒரு நம்பிக்கைப் பொறுப்பாக்கினர். வீடு இருந்த இடத்திலேயே ஓர் அரங்கமும் கலைக்கூடமும் எழுப்ப முயன்றனர். 1953ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மாக்சிம் கோர்க்கியின் நாடகமொன்றுடன் அரங்கம் திறந்துவைக்கப்பட்டது. ஏறத்தாழ 600 பேர் அமரக்கூடிய அந்த அரங்கிலே சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழி நாடகங்களும் இத்தனை ஆண்டுகளாக மேடையேறி வந்துள்ளன. பக்கத்திலுள்ள காட்சிக்கூடத்தில் ஓவியர்கள் சில நாட்களுக்கு இடத்தை வாடகைக்குப் பெற்றுத் தம் படங்களை வைக்கின்றனர்.

'வாடகைக்குப் பெற்று' என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். அதன் உட்பொருளைச் சிறிது விளக்கவேண்டும். ஓவியர் ஒருவர் காட்சி வைப்பதென்றால், அவர் முதலில் மண்டபத்துக்கு முற்பணம் கட்டவேண்டும். இருபது, முப்பது படங்களுக்குச் சட்டமிட வேண்டும். அழைப்பிதழ் அச்சிட வேண்டும். முந்திய இரவில் நண்பர்கள் துணையுடன் நூலும் நீர்மட்டமும் பிடித்துப் படங்களைத் தொங்கவிட வேண்டும். மூன்றாம் நாள் மாலையில் அவற்றை இறக்கி, வாகனம் பிடித்து, வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு படமும் விற்பனையாகாத காட்சிகள் உண்டு. அப்போது அந்த ஓவியர் தம் படத்தைப் பிறர் பார்ப்பதற்குத் தாமே கூலி கொடுத்தவராகிறார். இதனை அறிந்தபின் ஒரு காட்சிக்கூடத்தின் வாசலைக் கடந்து செல்லும்போது, உள்ளே ஒருமுறை எட்டிப்பார்க்காமற் போக மனம் வராது.

அடுத்து, பார்ன்ஸ் பிளேஸ் வீதியிலுள்ள ஒரு பழைய வீட்டைக் குறிப்பிட வேண்டும். '43ஆம் ஆண்டுக் குழுவின் செயலாளராகவும் அதன் நினைவுகளைக் காப்பவராகவும் விளங்கிய ஹரி பீரிஸ் அவர்கள் வாழ்ந்த வீடு அது. அவர் உருவப்படம் வரைவதில் தேர்ந்தவர். இரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதனத்திலும் சில காலம் இருந்தவர். 1974ஆம் ஆண்டில் அவர் தம் வீட்டையும் தாம் சேர்த்த படங்களையும் சப்புமல் மன்றம் என்ற பெயரால் பொதுநலத்துக்கு அளித்தார். 1988ஆம் ஆண்டில் அவர் மறைந்தார், வாசல் மூடப்படவில்லை. ஓடு வேய்ந்த தாழ்வாரம், முற்றத்து மரநிழல், சுவரெங்கும் படங்கள் என அது இன்றும் ஒரு வீடாகவே தோற்றமளிக்கிறது. அரண்மனை போன்ற கலைக்கூடத்தில் எம் பிள்ளைகள் குரலைத் தாழ்த்திக் கைகளைக் கட்டிக்கொள்வார்கள். வீடு போன்ற கலைக்கூடத்தில் கேள்வி கேட்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், எமது பாடசாலையிற் சித்திர பாடம் பயிலும் மாணாக்கர் 22 பேரை அவ்வீட்டுக்கு அழைத்துச் சென்றோம். அவர்களுள் முகத்துவாரத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, ஜோர்ஜ் கீற் அவர்களின் படமொன்றின் முன்னே நெடுநேரம் நின்றாள். அப்படத்திலே ஒரே முகத்தில் பக்கத்தோற்றமும் நேர்த்தோற்றமும் கலந்திருக்கும். "சேர், மூக்கு ஒரு பக்கம், கண் இன்னொரு பக்கம். இப்படி வரைஞ்சால் எங்களுக்கு எத்தனை புள்ளி போடுவீங்கள்?" என்று சித்திர ஆசிரியரைக் கேட்டாள். ஆசிரியர் சிரித்தபடி, "எங்கட புள்ளித் திட்டத்தில அவருக்குக் கொஞ்சம் கஷ்டந்தான், பிள்ளை. அது சரி, நீ ஏன் பத்து நிமிஷமாய் அந்த முகத்தை விட்டு நகராமல் நிற்கிறாய்?" என்றார். அவள் விடை கூறவில்லை. கல்வி என நாம் வழங்கும் சொல்லின் பொருளை அந்த மௌனத்தில் நான் கண்டேன். இம்மாணவியைப் பற்றிப் பின்னரும் கூறுவேன்.

ஓவியத்தை விட்டு ஆடலுக்கும் நாடகத்துக்கும் வருவோம். நடன மேதை சித்திரசேனா அவர்கள் 1940களில் கொள்ளுப்பிட்டியில் ஒரு கலாயதனத்தை நிறுவினார். கிராமத்துச் சடங்குகளில் ஆடப்பட்டு வந்த கண்டி நடனம், சடங்கின் எல்லையைக் கடந்து ஒரு மேடைக்கலையாக வடிவம் பெற்றதில் அவ்வீட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. சித்திரசேனாவும் அவர் துணைவியார் வஜிராவும் அங்கே ஒரு தலைமுறையையே பயிற்றினர். ஆயினும் 1980களின் தொடக்கத்தில் அந்த இடம் அவர்கள் கையை விட்டுப் போயிற்று. நாடறிந்த கலைஞர், தாம் 40 ஆண்டுகள் காலூன்றி ஆடிய நிலத்தை விட்டு இடந்தேடி அலைய நேர்ந்தது. பல ஆண்டுகள் சென்றபின்னரே அவருடைய கலாயதனத்துக்கு நிலையான புதிய இடம் வாய்த்தது. புகழுக்கும் உறுதிப்பத்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டை இந்நிகழ்ச்சி எமக்கு உணர்த்துகிறது. கலைஞனிடம் புகழ் இருக்கலாம். காணி வேறொருவரிடம் இருக்கும்.

கட்டடம் கலைக்கு நிழல் தருவதோடு நிற்பதில்லை. கலையின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது. 1956ஆம் ஆண்டில் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நாடக வரலாற்றில் அது ஒரு திருப்பம். அவர் அடிப்படையாகக் கொண்ட 'நாடகம்' என்னும் சிங்களக் கிராமிய ஆடல்வகை, எமது தென்மோடிக் கூத்திலிருந்து கிளைத்தது என்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். அந்நாடகத்தின் வெற்றியைக் கண்ட பேராசிரியர் சு. வித்தியானந்தன், எமது கூத்தையும் அவ்வாறு நகர மேடைக்குக் கொணரலாம் எனத் துணிந்தார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துக்களை அவர் தயாரித்தார். மட்டக்களப்புக் கிராமத்திலே வட்டக்களரியில், நாற்புறமும் சனங்கள் சூழ்ந்திருக்க விடியவிடிய ஆடப்பட்ட கூத்து, ஒருபக்கம் மட்டுமே திறந்த பெட்டி மேடையிலே இரண்டு மணி நேரத்துக்குச் சுருங்கிற்று. இழந்தவையும் உண்டு, பெற்றவையும் உண்டு. இன்று கொழும்பிலே எமது கூத்தைக் களரி வடிவில் ஆட எத்தனை இடங்கள் உள்ளன? நிலத்தில் அமர்ந்து நாற்புறமும் சூழ்ந்து பார்க்கத்தக்க ஓர் எளிய கொட்டகை இந்நகருக்கு வேண்டும்.

தமிழ் மக்களுக்குக் கொழும்பில் மண்டபங்கள் இல்லையா என நீங்கள் கேட்கலாம். உண்டு. கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942ஆம் ஆண்டில் தோன்றியது. வெள்ளவத்தையிலுள்ள அதன் மண்டபமும் நூல் நிலையமும் செய்துவரும் தொண்டு பெரிது. விவேகானந்த சபை அதற்கும் முந்தியது; 1902ஆம் ஆண்டில் உருவானது. ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் நாடக மேடைகள் ஒரு காலத்தில் இரவெல்லாம் விழித்திருந்தன. எனினும் இவற்றின் பயன்பாட்டைக் கவனிப்போம். எமது மண்டபங்கள் செவிக்கும் மேடைக்கும் உரியவை. சொற்பொழிவு, நூல் வெளியீடு, இசை, நடன அரங்கேற்றம் ஆகியவற்றுக்கு நாம் கூடுகிறோம். சுவரைப் பார்ப்பதற்காக நாம் கூடுவதில்லை. ஓவியமும் சிற்பமும் புகைப்படமும் எமது பொதுவாழ்விற் பின்வாசலால் வந்து நிற்கின்றன. கண்ணாற் காணும் கலைக்குப் பழகாத சமுதாயம், கட்டுகின்ற வீட்டிலும் அச்சிடுகின்ற நூலிலும் அந்தக் குறையைக் காட்டிக்கொண்டேயிருக்கும்.

இனி, அண்மைக் காலத்தை நோக்குவோம். 1990களில் கொழும்பின் கலைவாழ்வு ஒரு புதுத் திருப்பத்தை அடைந்தது. தெற்கிலே இளைஞர் கிளர்ச்சியும் அதனை அடக்கிய கொடுமையும் நிகழ்ந்து முடிந்த காலம். வடக்கிலும் கிழக்கிலும் போர் நடந்த காலம். அழகிய நிலக்காட்சிகளை எழுதிக்கொண்டு வாளாவிருக்கச் சில இளங்கலைஞருக்கு மனம் ஒப்பவில்லை. 1993ஆம் ஆண்டில் சந்திரகுப்த தேனுவர அவர்கள் விபவி நுண்கலைக் கழகத்தைத் தொடங்கினார். 2000ஆம் ஆண்டில் ஜகத் வீரசிங்க முதலிய கலைஞர்கள் ஒன்றுகூடித் 'தீர்த்த' என்னும் கலைஞர் கூட்டமைப்பை அமைத்தனர். இவற்றைக் கலைஞர்களே நடத்தினார்கள். எதைக் காட்சிக்கு வைப்பது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். எமது பகுதிகளின் கலைஞர்களையும் அவர்கள் அழைத்துப் பழகினார்கள்.

தேனுவர அவர்களின் ஆக்கம் ஒன்றைக் கூறுவேன். போர்க் காலத்தில் கொழும்பு வீதிகளிலே சோதனைச் சாவடிகள் இருந்தன. அவற்றில், இராணுவ உடையின் நிறங்களைப் பூசிய தகரப் பீப்பாய்கள் வரிசையாக நிற்கும். அடையாள அட்டையைக் கையிற் பிடித்துக்கொண்டு அப்பீப்பாய்களின் அருகே காத்து நின்ற அநுபவம் எம்மவர் பலருக்கு உண்டு. அப்பீப்பாயையே எடுத்துக் காட்சிக்கூடத்தின் நடுவே வைத்தார் தேனுவர. அன்றாடம் கண்டு கண்டு கண் மரத்துப்போன பொருளை, 'இது என்ன?' என்று மீண்டும் கேட்க வைத்தார். அதனோடு அமையாது, 1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தமிழ் மக்களுக்கு நேர்ந்த வன்செயல்களை மறவாதிருக்கும் பொருட்டு, பல ஆண்டுகளாக ஜூலை மாதத்தில் அவர் ஒரு காட்சியை நடத்திவந்துள்ளார். சிங்களக் கலைஞர் ஒருவர் எம் துயரத்தை நினைந்து ஆண்டுதோறும் ஒரு சுவரை ஒதுக்குகிறார். அந்தச் சுவரின் முன்னே எம்மில் எத்தனை பேர் சென்று நின்றிருக்கிறோம்? அழைப்பிதழ் வரவில்லை என்பது இதற்கு விடையாகாது.

கொம்பனித்தெருவிலே ரியோ என்றொரு படமாளிகை இருந்தது. 1965ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபோது நகரத்தின் நாகரிகச் சின்னங்களுள் ஒன்றாக விளங்கியது. தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு உரியதாகிய அக்கட்டடத்தொகுதி 1983ஆம் ஆண்டுக் கலவரத்திலே தாக்கப்பட்டது. பக்கத்திலிருந்த விருந்தகம் பின்னர் பாழடைந்து நின்றது. 2013ஆம் ஆண்டில் தொடங்கிய 'கொழும்புஸ்கோப்' என்னும் கலைவிழா, தன் காட்சிகளுக்கு அந்தப் பாழடைந்த மாடிகளைத் தேர்ந்தெடுத்தது. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்களிலே படங்களும், கதவற்ற அறைகளிலே நிழற்காட்சிகளும் வைக்கப்பட்டன. பார்க்க வந்த இளைஞர் படத்தையும் பார்த்தனர், சுவரையும் பார்த்தனர். இவ்விடத்துக்கு என்ன நேர்ந்தது என்று வினவினர். புத்தகத்தில் ஒரு பந்தியாக வாசித்து மறந்திருக்கக்கூடிய செய்தி, மாடிப்படியில் ஏறும் காலுக்குத் தட்டுப்பட்டது.

எளிய மக்களுக்குரிய வாசலும் ஒன்று உண்டு. 1993ஆம் ஆண்டிலிருந்து, ஜோர்ஜ் கீற் பெயரால் அமைந்த மன்றத்தின் முயற்சியால் 'கலா பொல' என்னும் கலைச்சந்தை நடந்து வருகிறது. கலாபவனத்தின் அருகே, ஆனந்த குமாரசாமியின் பெயர் தாங்கிய வீதியின் நடைபாதையில், நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வரும் ஓவியரும் சிற்பிகளும் தம் ஆக்கங்களைப் பரப்பி வைக்கின்றனர். நுழைவுக் கட்டணம் இல்லை. உடை விதி இல்லை. கடலை தின்றுகொண்டே படம் பார்க்கலாம். அவ்வீதிப் பெயருக்குரியவர் யார் என்பதை அங்கு செல்லும் எம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1877ஆம் ஆண்டில் கொழும்பிலே பிறந்தவர். அரிச்சந்திரன் கதையை 1863ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். 1908ஆம் ஆண்டில் மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றிப் பெருநூல் எழுதியவர். தமிழர் ஒருவரின் மகன் சிங்களக் கைவினைஞரின் பெருமையை உலகுக்கு எடுத்துரைத்தார். அந்த வீதியில் நடக்க எமக்குக் கூச்சம் எதற்கு?

மொழியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். நகரத்தின் பல காட்சியறைகளிலே படத்தின் கீழுள்ள குறிப்பு ஆங்கிலத்தில் மாத்திரம் இருப்பதைக் காண்கிறோம். அதை வாசிக்க இயலாத பிள்ளை, 'இது எனக்கு உரியதன்று' என எண்ணித் திரும்பிவிடுகிறது. இக்குறையைப் போக்கும் நல்ல முயற்சிகளும் எழுந்துள்ளன. 2019ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கொழும்பிலே நவீன, சமகாலக் கலைக்கான நூதனசாலை ஒன்று திறக்கப்பட்டது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் குறிப்புகளை வைப்பதை அது தன் வழக்கமாகக் கொண்டது. அதன் முதலாவது காட்சியின் தலைப்பே தமிழ்க் கவிஞர் சேரனின் கவிதை ஒன்றிலிருந்து பெறப்பட்டது. வாசலில் எமது மொழி நிற்கும்போது உள்ளே செல்லாதிருப்பது எமது தவறாகவே முடியும். எமது மொழி இல்லாத இடங்களில் அதனைப் பணிவோடு கேட்டுப் பெறுவதும் எமது கடமை. பார்வையாளர் ஏட்டிலே தமிழில் நான்கு வரி எழுதிக் கையொப்பமிடுங்கள். அடுத்த காட்சியில் யாரேனும் அதனைக் கவனிப்பர்.

முன்னர் குறிப்பிட்ட மாணவியின் தந்தையார் ஒரு நாள் என் அலுவலகத்துக்கு வந்தார். மீன்பிடித் துறையிற் கூலிவேலை செய்பவர். மகள் உயர்தரத்திலும் சித்திரம் படிக்க விரும்புவதாகக் கூறி, "படம் கீறினால் சோறு கிடைக்குமோ, அதிபர் ஐயா?" என்று கேட்டார். அக்கேள்வியை நான் இகழமாட்டேன். வாடகை வீட்டில் மூன்று பிள்ளைகளோடு வாழும் ஒருவர் கேட்கவேண்டிய கேள்வி அது. கலையின் பெருமையை அவருக்கு உபந்நியாசம் செய்வதாற் பயனில்லை. "வர்த்தகம் படிக்கட்டும், ஆனால் தூரிகையைப் பறிக்க வேண்டாம்" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அதன்பின் ஆசிரியர்களும் பழைய மாணவர் சிலரும் சேர்ந்து, பாடசாலையில் உடைந்த கதிரைகள் அடுக்கிக் கிடந்த களஞ்சிய அறையொன்றை வெறிதாக்கினோம். சுண்ணாம்பு அடித்தோம். கூரையிலிருந்து இரண்டு மின்குமிழ்கள் தொங்கவிட்டோம். செலவென்று பெரிதாய் எதுவும் இல்லை. மாணாக்கரின் படங்களைச் சட்டமிட்டு, மும்மொழியிலும் குறிப்பெழுதி, சனிக்கிழமைகளில் ஊராருக்குத் திறந்துவிட்டோம். முதற் சனிக்கிழமை வந்தோர் 11 பேர். அவர்களுள் ஐவர் ஆசிரியர். மூன்றாம் சனிக்கிழமை அந்தத் தந்தையார் வந்தார். விடிகாலையில் வலை இழுப்போரின் முதுகுகளை மகள் எழுதியிருந்தாள். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்த இரண்டாவது ஆள் நான்தான், தோள் இறக்கம் சரியாய் வந்திருக்கு" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அம்மாணவி வர்த்தகமே படித்தாள். பாடசாலையை விட்டபின்னரும் சனிக்கிழமைகளில் அவ்வறைக்கு வந்து சிறுவருக்குச் சித்திரம் பழக்குகிறாள். அவளுக்குக் கலையாற் சோறு கிடைத்ததா என்றால், இல்லை. அந்தத் தந்தை தன் தொழிலின் அழகைத் தானே ஒருமுறை பார்த்தார். அதற்கு விலை கூற எனக்குத் தெரியாது.

நேயர்களே, இதுவரை கூறிய இடங்கள் யாவற்றையும் ஒருசேர நோக்கினால் ஒரு செய்தி தெளிவாகும். வென்ட் அவர்களின் வீடு நிலைத்தது, நண்பர்கள் பொறுப்பேற்றதால். ஹரி பீரிஸ் அவர்களின் வீடு நிலைத்தது, அவர் உயிருடன் இருந்தபோதே அதனைப் பொதுவாக்கியதால். சித்திரசேனா அவர்களின் முதற் கலாயதனம் போயிற்று, நிலத்துக்கு உறுதி இல்லாததால். இளங்கலைஞரின் கூட்டமைப்புகள் நடந்தன, அவர்கள் தமக்குள் வேலையைப் பகிர்ந்துகொண்டதால். கலைக்கூடத்துக்குத் தேவையானவை மூன்று: ஓர் அறை, அதனைக் காக்கும் ஒரு குழு, உள்ளே வரும் மனிதர். முதலிரண்டும் இருந்து மூன்றாவது இல்லாவிடின், அந்த அறை மறுபடியும் களஞ்சியமாகிவிடும்.

ஆதலால் உங்களிடம் சில வேண்டுகோள்கள். விடுமுறை நாளிலே கடற்கரைக்கும் கடைத்தெருவுக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறீர்கள். மாதத்தில் ஒருமுறை ஒரு காட்சிக்கூடத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். படம் விளங்கவில்லையெனில் வெட்கப்பட வேண்டியதில்லை. ஓவியர் பெரும்பாலும் அங்கேயே நிற்பார், கேளுங்கள். கல்யாண வீட்டுக்குப் பரிசு வாங்கும்போது, கடிகாரத்துக்குப் பதிலாக ஓர் இளம் ஓவியரின் சிறு படத்தை வாங்கிப் பாருங்கள். ஆலய மண்டபங்களையும் சங்க மண்டபங்களையும் நிருவகிக்கும் பெரியோரே, ஆண்டில் மூன்று நாட்களுக்காவது உங்கள் சுவர்களை ஓவியருக்குத் தாருங்கள். ஆசிரிய நண்பர்களே, உங்கள் பாடசாலையிலும் பூட்டிக் கிடக்கும் அறையொன்று இருக்கும். திறப்பு யாரிடம் இருக்கிறது என நாளைக்கே விசாரியுங்கள்.